கணிதப் பட்டப்படிப்பில் சேருமுன் மூன்று கேள்விகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ கணக்கில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளும் பி.எஸ்சி. கணிதத்தில் மெய்ப்பகுப்பாய்வுத் தாள் (எல்லை, தொடர்ச்சி போன்றவற்றை நிரூபணத்தோடு படிக்கும் ரியல் அனாலிசிஸ்) வந்ததும் திணறுகிறார்கள். உழைப்பில் குறையில்லை. பள்ளியில் பெரும்பாலும் 'காண்க' என்றுதான் கேட்கிறோம். கல்லூரியிலோ 'நிறுவுக' என்கிறார்கள். பிளஸ் டூவின் 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் 20 மதிப்பெண் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பதற்கே போய்விடுகிறது. ஆகவே சேர்க்கைக்கு முன் பிள்ளையிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, ஒரு மணி நேரம் ஒதுக்கி, மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

முதலில், √2 விகிதமுறா எண், அதாவது இரு முழு எண்களின் பின்னமாக எழுத முடியாதது, என்று நிறுவச் சொல்லுங்கள். பலர் மனப்பாடமாகவே எழுதிவிடுவார்கள். உடனே, "2 வரும் இடத்தில் 4 போட்டு எழுதினால் √4-உம் விகிதமுறா எண் ஆகிவிடுமே, எந்த வரி தடுக்கிறது?" என்று கேளுங்கள். தடுக்கும் வரி இதுதான்: ஓர் எண்ணின் வர்க்கம் 2-ஆல் வகுபட்டால் அந்த எண்ணும் 2-ஆல் வகுபடும். 4-க்கு இது பொருந்தாது: 6-இன் வர்க்கம் 36, அது 4-ஆல் வகுபடும், 6 வகுபடாது. அந்த வரியில் விரல் வைக்கும் பிள்ளைக்கு நிரூபணம் புரிந்திருக்கிறது. "√4 என்பது 2தானே" என்று நிறுத்திக்கொள்பவருக்கு இன்னும் பயிற்சி வேண்டும்.

அடுத்தது சொற்களின் வரிசை. ஒரு தொடர்முறையைப் பற்றி இரண்டு வாக்கியங்கள்: 'எல்லா உறுப்புகளையும் விடப் பெரிய ஓர் எண் உண்டு'. 'ஒவ்வோர் உறுப்புக்கும் அதைவிடப் பெரிய ஓர் எண் உண்டு'. இரண்டும் ஒன்றா? 1, 2, 3 என்று முடிவின்றிப் போகும் தொடர்முறைக்கு இரண்டாவது உண்மை, முதலாவது பொய். இதைத் தானே கண்டு சொல்ல வேண்டும்; இதுதான் மிக முக்கியமான சோதனை. சார்பின் தொடர்ச்சிக்கும் (ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி நெருக்க அளவு) சீரான தொடர்ச்சிக்கும் (எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே நெருக்க அளவு) உள்ள வேறுபாடே இந்த வரிசை மாற்றம்தான். இங்கே தெளிவில்லாதவருக்கு மெய்ப்பகுப்பாய்வுத் தாள் முழுவதும் வெறும் குறியீடாகவே தெரியும்.

மூன்றாவது: ஓர் எண் 3-இலிருந்து 1-க்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. அதன் வர்க்கம் 9-இலிருந்து எவ்வளவு விலகலாம்? வகைக்கெழு பழகிய கை 2×3 = 6 என்று எழுதும். எண் 4-ஐ நெருங்கினால் வர்க்கம் 16-ஐ நெருங்கும், ஆகவே விலகல் 7 வரை போகும். எல்லைக்கான இப்சிலான்–டெல்டா நிரூபணங்களில் (எண் எவ்வளவு நெருங்கினால் விடையின் விலகல் சொன்ன அளவுக்குள் அடங்கும் என்று காட்டுபவை) அன்றாடம் வேண்டியது இந்த மதிப்பீடுதான்.

தவறினால் கணிதமே வேண்டாம் என்று பிள்ளையைத் திருப்பிவிடாதீர்கள். கல்லூரி திறக்கும்வரை இருக்கும் வாரங்களில் பிளஸ் ஒன் புத்தகத்தின் கணிதத் தொகுத்தறிதலையும் (1-க்கு உண்மை, ஓர் எண்ணுக்கு உண்மையானால் அடுத்ததற்கும் உண்மை என்று காட்டி நிறுவும் முறை), பிளஸ் டூவில் பலர் அவசரமாகக் கடந்துவிடும் கணிதத் தர்க்கத்தையும் மறுபடி படிக்கலாம். தினம் ஒரு நிரூபணம் எழுதி, மறுநாள் ஒவ்வொரு 'ஆகவே'க்கும் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். காரணம் வராத இடத்தில்தான் ஓட்டை இருக்கிறது. ஓரளவு கை பழகியதும், சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனத்தின் பழைய நுழைவுத்தேர்வுத் தாள்களை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். நிரூபணம் எழுதச் சொல்லும் கேள்விகள் அவற்றில் உண்டு, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்,
திருச்சி.