படுக்கும் முன் பத்துப் பக்கம்

தாண்டிக்குடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். நீ அனுப்பிய புது விலாசம் கிடைத்தது. அம்மா அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். லேடீஸ் ஹாஸ்டல், இரண்டாவது மாடி, சைதாப்பேட்டை. சரி. ஆபீஸுக்குப் பக்கம் என்று சொன்னாய். பக்கமாக இருப்பது நல்லதுதான், அலைச்சல் மிச்சம்.

அந்த விலாசத்துக்கு ஒரு புத்தகப் பார்சல் போட்டிருக்கிறேன். 2025 மே மாதத்திலிருந்து தபாலில் ‘ஞான் போஸ்ட்’ என்று புத்தகத்துக்கென்றே ஒன்று வைத்திருக்கிறார்கள். 300 கிராம் வரைக்கும் 20 ரூபாய், 5 கிலோ என்றால் 100 ரூபாய், வரி தனி. தரை வழியாகத்தான் போகும், மெதுவாக வந்து சேரும். கடிதத்தையும் உள்ளேயே வைத்துவிடலாமா என்று கேட்டேன். புத்தகத்தோடு வேறெதுவும் வேண்டாம் என்றுவிட்டார்கள். அதனால் இது தனியாக வருகிறது, அநேகமாகப் புத்தகத்துக்கு முன்னாலேயே வந்துவிடும்.

நாலு புத்தகம். மூன்று உன் அலமாரியில் இருந்தவை, ஒன்று திண்டுக்கல் புத்தகத் திருவிழாவில் நான் வாங்கியது. சிறுகதை இரண்டு, பயண நூல் ஒன்று, நாவல் ஒன்று. நாவலின் தடிமனைப் பார்த்துப் பயந்துவிடாதே, அதைக் கடைசியில் எடு. வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி என்று சொல்லித் தருகிற வகை எதுவும் வைக்கவில்லை. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. நாலு வரியில் முடிய வேண்டியதை இருநூறு பக்கத்துக்கு இழுப்பார்கள். கடைசியில் தப்பெல்லாம் படிக்கிறவன் தலையில்தான் வந்து விடியும்.

நீ ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்து ரொம்ப நாளாகிறது என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்கு வந்திருந்தபோது பார்த்தேன். களத்து ஓரம் திண்ணையில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டே இருந்தாய். எதையாவது பார்த்துச் சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. கட்டைவிரல் மட்டும் போய்ப் போய் வந்தது, முகத்தில் ஒன்றுமே இல்லை. காயப்போட்ட காபிக் கொட்டையைக் கொஞ்சம் துழாவிவிடு என்றேன். “ம்” என்றாய். எழுந்திருக்கவில்லை. நானே துழாவிவிட்டேன், அது பெரிய விஷயமில்லை.

நீயா இப்படி என்றுதான் இருக்கிறது. வத்தலக்குண்டு பஸ்ஸில் வளைவு இறங்கும்போது படிக்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? படிப்பாய், வாந்தி எடுப்பாய், வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் விரிப்பாய். வடை மடித்து வந்த காகிதத்தை எண்ணெயோடு பிரித்துப் படித்துவிட்டு, கதையின் மீதி எங்கே என்று டீக்கடையில் போய்ச் சண்டை போட்ட பிள்ளை நீ. அவரும் பழைய பேப்பர் கட்டைப் பிரித்துப்போட்டுத் தேடினாரே! இன்றைக்கும் என்னைப் பார்த்தால், “பாப்பா இப்ப என்ன படிக்குது?” என்றுதான் கேட்கிறார். நிறையப் படிக்குது என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

இங்கே மழை ஒன்று பெய்தது. காபிப் பூவுக்குச் சரியான மழை. ஒன்பது பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகிவிடும். மிளகுக் கொடி சுமார்தான். மற்றதை போனில் சொல்கிறேன்.

போன வாரம் ராத்திரி காட்டுமாடு பீன்ஸ் காட்டுக்குள் இறங்கிவிட்டது. டார்ச் அடித்து, தகரத்தைத் தட்டி விரட்டிவிட்டு வந்து, மணி என்ன என்று போனை எடுத்துப் பார்த்தேன். இரண்டே முக்கால். கை தவறி உன் பெயரைத் தொட்டுவிட்டேன். ‘ஆன்லைன்’ என்று காட்டியது. மறுநாள் மாடு வரவில்லை, ஆனாலும் முழிப்பு வந்தது, எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கும் அப்படித்தான். அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர்கள் உன் ஆபீஸிலும் இருப்பார்கள். வேலையாகத்தான் இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அதனால் சொல்கிறேன். படுக்கும் முன் பத்துப் பக்கம் படி. பத்தே பக்கம். கதைப் புத்தகமாக இருந்தால் இருபது நிமிஷம் ஆகும். மாதத்துக்கு 300 பக்கம், அதாவது ஒரு நல்ல நாவல். வருஷத்துக்கு ஐம்பது, நூறு என்று கணக்கு வைத்துக்கொண்டு ஓடுகிறார்களே, அந்தப் போட்டி உனக்கு வேண்டாம். ஆபீஸில் பார்க்கிற கணக்கு போதும். நீ தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் படி. பல் தேய்த்தாயா, கட்டிலில் உட்கார்ந்தாயா, புத்தகத்தைத் திற. ஏற்கெனவே தினம் செய்கிற ஒன்றோடு சேர்த்துக்கொண்டால் பழக்கம் தானாக ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் படித்துக்கொள்கிறேன் என்று மட்டும் தள்ளிப்போடாதே. அப்படிச் சொன்ன யாருக்கும் ஞாயிற்றுக்கிழமை வந்ததில்லை.

போனை அந்த நேரத்தில் கை எட்டாத தூரத்தில் வை. அலாரத்துக்காகத் தலைமாட்டில் வைக்கிறேன் என்பாய். ஒரு சின்ன அலாரக் கடிகாரம் வாங்கிக்கொள், பணம் நான் அனுப்புகிறேன். ராத்திரியில் போன் வெளிச்சம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் உடம்பு இன்னும் பகல் என்றே நினைத்துக்கொள்ளும். தூக்கத்தைக் கொண்டுவருகிற மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். இது நீ அறியாததில்லை. வெளிச்சத்தைவிட மோசம் என்று நான் நினைப்பது, ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக வந்து நிற்பது. புத்தகத்தில் பக்கத்தை நாம்தான் புரட்ட வேண்டும். அத்தியாயம் முடிந்த இடத்தில் கொஞ்சம் வெள்ளை விட்டிருப்பார்கள், அங்கே மூடி வைக்கத் தோன்றும். போனிலேயே புத்தகம் படிக்கலாமே என்று உன் சித்தப்பா மகன் சொல்கிறான். படிக்கலாம். நாலாவது வரியில் யாராவது குட் மார்னிங் அனுப்புவார்கள், அதோடு சரி.

ஹாஸ்டலில் பத்து மணிக்கு விளக்கை அணைப்பார்களா? கூட இருக்கிற பிள்ளைக்கு இடைஞ்சலாக இருந்தால் புத்தகத்தில் மாட்டிக்கொள்கிற சின்ன விளக்கு விற்கிறதாம், விசாரித்துப் பார்.

பிடிக்காத புத்தகத்தை முடித்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதே. இதில் நீ என்னைப் போலத்தான், தட்டில் போட்டதை மிச்சம் வைக்கத் தெரியாது. முப்பது நாற்பது பக்கம் பார். ஓடவில்லையா, மூடி வைத்துவிட்டு அடுத்ததை எடு. சீர்காழி ரங்கநாதன் 1931-லேயே நூலகத்துக்கென்று ஐந்து விதி வகுத்தார் இல்லையா, அதில் ஒன்று வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது. நூலகத்துக்கே அந்த விதி என்றால், நம் நேரத்தை நாமே வீணாக்கலாமா? கணக்கு வாத்தியாராக இருந்து நூலகத்துக்குப் போன மனிதர், நேரத்தின் கணக்கு அவருக்குத் தெரியாதா?

இதையெல்லாம் உபதேசத்துக்குச் சொல்லவில்லை. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவால் ரொம்ப நேரம் படிக்க முடியவில்லை. அதனால் சாப்பாடு முடிந்து, சீரியலும் முடிந்தபின் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். உதடு அசையாமல் படிக்க எனக்கு வராது, உனக்குத் தெரியுமே, அது இப்போது வசதியாகப் போய்விட்டது. மூன்றாவது பக்கத்திலேயே அவள் கண் சொருகிவிடும். நிறுத்தினால், “நான் முழிச்சுத்தான் இருக்கேன், படிங்க” என்பாள். சரி என்று வேண்டுமென்றே இரண்டு பக்கம் தள்ளிப் படிப்பேன். “அந்தத் தங்கச்சி எப்பங்க செத்துப்போனா?” என்று கேட்டுவிடுவாள். தூங்கவில்லைதான் போலிருக்கிறது. கதையில் வரும் ஆட்களைப் பற்றித்தான் மறுநாள் காலையில் பேச்சு. ரொம்ப வருஷமாகக் காபி விலையும் கூலி ஆளும் தவிர எங்களுக்குள் பேச வேறெதுவும் இருந்ததில்லை.

சென்னையில் உனக்குப் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்தபோது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நீதானே கூட்டிப்போனாய்? பறக்கும் ரயில் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போனோம். இரண்டாவது மாடி முழுக்கத் தமிழ்ப் புத்தகம். நம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவும் தனி இடம் விட்டிருந்தார்கள். உன் ஹாஸ்டலிலிருந்து கிட்டத்தான் என்று மேப்பில் பார்த்தேன். லீவு நாளில் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் அங்கே போ. யாரும் உன்னை எதுவும் கேட்க மாட்டார்கள், நாலு பேர் நடுவில் இருந்த மாதிரியும் இருக்கும். நம் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார், நூலக வரி என்று ரூபாய்க்குப் பத்துப் பைசா சேர்த்துத்தான் கட்டுகிறோம். 1948-ல் சட்டம் போட்ட காலத்திலிருந்து இப்படி ஊர் ஊராக வரி கட்டித்தான் நூலகங்கள் நடக்கின்றன. கட்டின காசுக்காவது போய் உட்கார்.

உன் அலமாரி பத்திரமாக இருக்கிறது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கிறது என்று சமையலறைச் சுவர்ப் பக்கம் நகர்த்தி, உள்ளே ஒரு குண்டு பல்பு மாட்டியிருக்கிறேன். ராமபாணப் பூச்சி மேல்தட்டில் இரண்டு புத்தகத்தைத் துளைத்துவிட்டது. வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போட்டபின் இல்லை. எட்டாம் வகுப்பில் பென்சிலால் ஓரத்தில் ‘பொய்’, ‘சுத்தப் பொய்’ என்று எழுதி வைத்திருக்கிறாயே, அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அதுவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஒன்று கேட்க வேண்டும். கல்யாணத்தின்போது நீ எடுத்துப்போன புத்தகங்கள் இப்போது எங்கே இருக்கின்றன? பெரிய அட்டைப்பெட்டியில் கட்டிக் கொடுத்தேனே, அவை. ஹாஸ்டலில் அவ்வளவுக்கு இடம் இருக்காது. அந்த வீட்டிலேயே இருக்கிறதென்றால் சொல், நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். புத்தகத்துக்காக மட்டும்தான் வருவேன். மாப்பிள்ளை இருந்தால் சௌக்கியமா என்று கேட்பேன், வேறு யாரிடமும் ஒரு வார்த்தை பேச மாட்டேன். உன் சித்தப்பாவையும் கூட்டி வர மாட்டேன். வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்றாலும் சரி. உனக்கு எது தோதோ அது. ஆனால் எது என்று சொல். சொல்லாமல் இருக்காதே பாப்பா. முன்பெல்லாம் கதை பிடிக்கவில்லை என்றால்கூட அரை மணி நேரம் நின்று சொல்வாய்.

இரண்டு நிமிஷம் பேசிவிட்டு “வைக்கிறேன்ப்பா” என்று வைத்துவிடுகிறாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. இந்த ஊரிலிருந்து போய் அத்தனை பெரிய ஆபீஸில் பத்துப் பேருக்கு வேலை சொல்லுகிற பெண் என் பெண்தான் என்று நான் சொல்லாத ஆள் இல்லை. சொன்னபிறகு அவர்கள் அடுத்ததாக ஒன்று கேட்கிறார்கள். அதற்கு நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே, எனக்குப் பேச்சை மாற்ற நன்றாக வரும்.

பத்துப் பக்கத்தை மறக்காதே. முதல் நாள் நாலு பக்கத்தில் தூங்கிவிட்டாலும் சந்தோஷம்தான், தூங்கத்தானே சொல்கிறேன்.

மே மாதம் வராதே. கொடைக்கானலுக்கு வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வைத்தும் நெரிசல் குறைந்த பாடில்லை, மலைப்பாதையில் நின்று நின்றுதான் வர வேண்டியிருக்கும். ஜூனில் வா, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. பஸ் ஏறும்போது சொன்னால் வத்தலக்குண்டுக்கு ஜீப்போடு வந்துவிடுகிறேன். தனியாக வந்தாலும் சரி, சேர்ந்து வந்தாலும் சரி.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: அம்மா எழுதச் சொன்னது. ஹாஸ்டல் தண்ணீருக்கு முடி கொட்டுமாம், சீயக்காய் அரைத்து வைத்திருக்கிறாள். தபாலில் வேண்டாம், ஊர்க்காரர் யாராவது சென்னைக்கு வந்தால் கொடுத்துவிடுகிறோம். ஹாஸ்டலில் எத்தனை மணி வரைக்கும் ஆட்களைப் பார்க்க விடுவார்கள் என்று கேட்டு எழுது.