முதியோர் இல்லம் நடத்துவோருக்கு நிர்வாகமும் கணக்கும் கற்றுத்தர வேண்டி மனு

அனுப்புநர்:
முதியோர் இல்ல நிர்வாகி,
நத்தம் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திண்டுக்கல்.

பொருள்: சிறு முதியோர் இல்லங்களை நடத்துவோருக்கு நிர்வாகம், அடிப்படைக் கணக்குப் பயிற்சி அளிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆதரவற்ற பெரியவர்கள் 24 பேர் தங்கியிருக்கும் சிறு இல்லம் ஒன்றை நடத்துகிறேன். அவர்களில் 7 பேர் படுத்த படுக்கையாக இருக்கிறார்கள். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கவும், சர்க்கரை இறங்கினால் கவனிக்கவும் எங்களுக்குத் தெரியும். ஆளுக்கு மாதம் என்ன செலவாகிறது, இரவுப் பணிக்கு இன்னொரு ஆயாவைச் சேர்த்தால் தாங்குமா என்று கணக்குப் போட்டுச் சொல்ல எங்களில் பலருக்குத் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ள வழி கேட்டே இந்த மனு.

மகாளய அமாவாசை அன்று நாலைந்து குடும்பத்தினர் சாப்பாடு கொண்டுவருகிறார்கள். புண்ணியவான்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்று சோறு மிஞ்சும். அடுத்த வாரம் டயப்பருக்கும் கரண்ட் பில்லுக்கும் கையில் பணம் இருக்காது. வருடம் முழுவதற்கும் எது எப்போது தேவைப்படும் என்று ஒரு திட்டம் கையில் இருந்தால், ஒருவேளைச் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு மாத டயப்பர் செலவை ஏற்றுக்கொள்ளச் சொல்லி உரியவர்களிடம் முன்கூட்டியே கேட்கலாம்.

இதைவிடக் கவலை தருவது முன்பணம். கட்டணம் வாங்கும் இல்லங்களில் சேரும்போது ஒரு தொகை வாங்குவது வழக்கம். அது திருப்பித் தர வேண்டிய கடன், வருமானமில்லை. அதைப் பிரித்து வைக்காமல் அரிசிக்கும் சம்பளத்துக்கும் செலவழித்துவிடுகிறார்கள். பெரியவர் இறந்ததும் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள், பணம் இல்லை. அப்புறம் புதிதாகச் சேருபவரின் முன்பணத்தை வாங்கிப் பழையவருக்குக் கொடுக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஓர் இல்லம் இப்படித்தான் மூடப்பட்டது. நடத்தியவர் ஒரு ரூபாய்கூடத் தனக்கென்று எடுத்துக்கொண்டவர் அல்ல. அங்கிருந்த பெரியவர்களோ ஊருக்கொருவராகச் சிதறிப்போனார்கள்.

மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வாங்குபவர்களும் எங்களிடம் இருக்கிறார்கள். நடக்க முடியாதவர் தன் ஏடிஎம் அட்டையை யாரிடமாவது கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொருவர் பணத்துக்கும் தனிப்பக்கம், பணம் எடுக்கும்போது இருவர் கையெழுத்து, மாதக் கடைசியில் பெரியவருக்கே வாசித்துக் காட்டுவது என்று ஒரு முறை இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

நன்கொடை ரசீதிலும் தடுமாற்றம் இருக்கிறது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்காது என்பதே பலருக்குத் தெரியவில்லை. மத்திய அரசின் மானியத்துக்கு விண்ணப்பிக்கவும் தணிக்கை செய்த கணக்கு வேண்டும்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும்படி அமைக்க வழி சொல்கிறது. அந்த எண்ணிக்கைக்கு வெளியே நிற்பவர்கள் எங்களைப் போன்ற சிறு இல்லங்களைத்தான் நம்பி வருகிறார்கள்.

ஆகவே, மாவட்டச் சமூக நல அலுவலகமும், மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியும் சேர்ந்து, ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி நடத்த ஆணையிட வேண்டுகிறேன். தொடர்ந்து ஒரு வாரம் இல்லத்தை விட்டு வர எங்களால் முடியாது. வாரம் ஒரு நாள், காலை உணவு முடிந்த பிறகு தொடங்கி மாலை 4 மணிக்குள் முடியும்படி இரண்டு மாதம் நடத்தினால் ஆள் மாற்றி வந்துவிடுவோம். பாடம் தமிழில், பத்தாவது படித்த ஒருவருக்குப் புரியும்படி இருக்க வேண்டும். வந்தவர்கள் தங்கள் இல்லத்தின் சொந்தக் கணக்கையே அங்கே உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டும். பணிமுறைப் பட்டியல், மருந்துப் பதிவேடு, முன்பணப் பதிவேடு ஆகியவற்றுக்கு மாதிரிப் படிவமும் தந்தால் மாவட்டம் முழுக்க ஒரே மாதிரியான நடைமுறை வரும். ஆய்வுக்கு வரும் அலுவலர்களுக்கும் வேலை எளிது.

பயிற்சி முடிந்த பிறகு ஓராண்டுக்காவது, சந்தேகம் கேட்க ஒரு கணக்காளரை நியமித்துத் தரவும் கேட்டுக்கொள்கிறேன். முதல் வகுப்புக்கு இடம் தேவைப்பட்டால் எங்கள் இல்லக் கூடத்தையே தருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முதியோர் இல்ல நிர்வாகி