மடக்கு போன் கம்பெனி சர்வீஸ் மேலதிகாரிங்களுக்கு, வடசென்னை காலடிப்பேட்டையிலேர்ந்து ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய சார், மேடம்,

நேத்து சாயங்காலம் உங்ககிட்டேர்ந்து ஒரு மெசேஜ். எங்க சர்வீஸ் எப்படி இருந்துச்சு, அஞ்சுக்கு எத்தனை ஸ்டார் தருவீங்கன்னு. போனை மூடி வச்சு வெளி ஸ்க்ரீன்லதான் அதையே படிச்சேன், ஏன்னா திறந்தா மேல் பாதி கும்மிருட்டு. அதனால ஸ்டார் எதுவும் போட முடியல, கோச்சுக்காதீங்க.

மத்த கதையெல்லாம் உங்க சர்வீஸ் சென்டர்ல எழுதுன ஜாப் ஷீட்லயே இருக்கு. போன் கீழ விழல, தண்ணில போகல, உள்ள ஒட்டியிருக்கற ஃபிலிமையும் நான் உரிக்கல. மொதல்ல அந்த ஃபிலிம்தான் மடிப்புல உப்புச்சு, கொண்டாந்து காட்டுனேன், ஸ்டாக் இல்ல சார் வந்ததும் கூப்பிடறோம்னாங்க, கூப்பிடவே இல்ல, அப்புறம் ஒரு நாள் காலைல திறக்கறேன் மடிப்புல நேரா ஒரு கோடு, பொழுது சாயறதுக்குள்ள மேல் பாதி அவுட்டு. வாரண்டி இன்னும் முடியல. ஆனா உங்க சென்டர் தம்பி லென்ஸ் வச்சு பாத்துட்டு, மடிப்புக்கு அடியில தூசி இருக்கு சார், இது ஃபிசிக்கல் டேமேஜ், வாரண்டில வராதுன்னு எழுதிட்டாரு. டிஸ்ப்ளே மாத்த அவர் சொன்ன காசுக்கு மடங்காத நல்ல போனே ஒண்ணு வாங்கிடலாம்.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். மடிப்புல தானா போற ஸ்க்ரீனை கஸ்டமர் ஒடச்சதா எழுதாதீங்க, வாரண்டில மாத்திக் குடுங்க.

இப்ப இத வச்சுக்கிட்டு எப்படி பொழப்பு ஓடுதுன்னு சொல்றேன், சென்டர் கவுன்ட்டர்ல சொல்ல விடல. எனக்கு ஹார்பர்ல கண்டெய்னர் சரக்க கஸ்டம்ஸ்ல கிளியர் பண்ற வேலை, பாதி நாள் மணலி, திருவொற்றியூர் யார்டுலதான். சட்டை பாக்கெட்ல அடங்குதேன்னுதான் இந்த போனையே வாங்குனது, அந்த விஷயத்துல குறை சொல்ல மாட்டேன், சூப்பர்தான். ஆனா இப்ப கீபோர்டு கீழ் பாதியில பளிச்சுன்னு இருக்கு, நான் என்னா டைப் பண்றேங்கறது மேல் பாதியில, அது தெரியாது. கண்டெய்னர் நம்பர்னா நாலு எழுத்து ஏழு நம்பர், ஒண்ணு மாறுனாலும் வேற எவனோ ஒருத்தனோட பொட்டி. அத கண்ண கட்டிவிட்ட மாதிரி அடிச்சு அனுப்பிட்டு, அவங்க திருப்பி போன் பண்ணி சரியா படிக்கறாங்களான்னு கேட்டுக்கணும். ஓடிபி வந்தா இன்னும் ஜோரு. போனை மூடணும், வெளி ஸ்க்ரீன்ல நம்பரை படிச்சு மனப்பாடம் பண்ணணும், திறக்கணும், கட்டம் எங்க இருக்கும்னு குத்துமதிப்பா ஒரு தட்டு தட்டி அடிக்கணும், அதுக்குள்ள டைம் முடிஞ்சு போயிருக்கும், மறுபடி மூடு, மறுபடி படி. பின்னாடி லாரி டிரைவர் ஹாரன் அடிச்சுக்கினே இருப்பாரு. என் வீட்டுக்காரம்மா பாத்துட்டு "இன்னாங்க, போனோட கும்மி அடிக்கறீங்களா"ன்னு கேக்குது.

சரி, தூசி. நீங்க பொட்டி மேல ஐபி48னு, தூசி தண்ணிய எவ்ளோ தாங்கும்ங்கற ரேட்டிங்கை, பெருமையா போடறீங்க. அதுல 8 தண்ணிக்கு, ஒன்றரை மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் தாங்கும், அதுவும் நல்ல தண்ணி, கடல் தண்ணி கணக்குல வராது. 4 எதுக்குன்னு யாரும் விளம்பரத்துல சொல்றதில்ல. 1 மில்லிமீட்டரை விட பெருசா இருக்கற பொருள் உள்ள போகாது, அவ்ளோதான் அதுக்கு அர்த்தம். அதாவது அரிசி போகாது, தூசி தாராளமா போகும், இது நீங்களே குடுத்த நம்பர். உள்ள இருக்கற கண்ணாடி கிட்டத்தட்ட தலைமுடி கனம்தான், அவ்ளோ மெலிசு. தூசிய தடுக்காத ஹிஞ்சை (மடிக்கற கீலை) வச்சு, இவ்ளோ மெலிசா கண்ணாடிய போட்டு, அப்புறம் தூசி போச்சுன்னா அது நான் பண்ண டேமேஜா?

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல ஒரு தடவை வந்து நில்லுங்க சார். கண்டெய்னர் லாரி வரிசையா போகும், போற ஒவ்வொண்ணும் ஒரு கை மண்ண மூஞ்சில போட்டுட்டு போகும். அந்தப் பக்கம் அனல்மின் நிலையத்து சாம்பல், நிலக்கரித் தூள், இந்தப் பக்கம் உப்புக் காத்து. கரண்ட்டு ஊருக்கெல்லாம், சாம்பல் மட்டும் எங்களுக்கு. ஷோரூம்னா அண்ணா நகர், டி நகர், வேளச்சேரி. மெட்ரோவே எங்க பக்கம் 2021லதான் வந்து சேந்துச்சு. உங்க விளம்பரத்துல ஒரு புள்ள மலைமேல காபி குடிச்சுக்கிட்டு ஒத்தக் கையில டப்புன்னு மடிக்குது, அங்க தூசி இருக்காது, கரெக்ட்டுதான். அப்ப பொட்டி மேலயே "ராயபுரம் தாண்டி விற்பனைக்கு அல்ல"ன்னு ஒரு வரி அடிச்சிருங்களேன், நாங்க பழைய பட்டன் போன் வச்சுக்கறோம்.

மன்னிக்கணும், ரோடும் சாம்பலும் உங்க டிபார்ட்மென்ட் இல்ல. ஹிஞ்சு உங்களுது.

மடக்கு போன் விக்கறவங்க 2 லட்சம் தடவை மடிச்சு பாத்தோம்னு சொல்றாங்க. ஒரு நாளைக்கு 100 தடவை மடிச்சாலும் அஞ்சு வருஷத்துக்கு மேல வரணும். நான் ஒரு வருஷம் கூட முழுசா கேக்கல, வாரண்டி அட்டைல நீங்க எழுதுனத மட்டும் கேக்கறேன். பர்மா பஜார்ல எதையும் பிரிச்சு மேயற பசங்க கூட இத கையில வாங்கிட்டு, "வேணாம்ணா, கம்பெனிலயே குடுத்துருங்க"ன்னு திருப்பி நீட்டுறாங்க. உங்கள விட்டா வேற எங்க போறது?

2019 நுகர்வோர் சட்டப்படி நான் குடியிருக்கற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், பொருளுக்கு குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது, நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு ஒரு போன் போட்டா புகார் பதிவாயிடும். (போன் போட கீழ் பாதியே போதும், நம்பர் கட்டம் அங்கதான் இருக்கு.) அங்கெல்லாம் போக எனக்கு நேரமும் இல்ல, ஆசையும் இல்ல.

அதனால தயவு பண்ணி அந்த ஜாப் ஷீட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. "ஃபிசிக்கல் டேமேஜ்"ங்கறத அடிச்சிட்டு டிஸ்ப்ளேவை வாரண்டில மாத்திக் குடுங்க, என்னைய மாதிரி வர்ற மத்தவங்களுக்கும் அதே மாதிரி பண்ணுங்க. அப்படியே அந்த ஃபிலிமை நாலு எக்ஸ்ட்ரா வாங்கி சென்டர்ல வைங்க. பதில் எழுதறதா இருந்தா மெசேஜ் சின்னதா அனுப்புங்க, வெளி ஸ்க்ரீன்ல அவ்ளோதான் தெரியும்.

இப்படிக்கு,
காலடிப்பேட்டை கஸ்டமர்