அம்மாவின் மலரை அழிக்காதே

திருநெல்வேலி, யாழ்ப்பாணம்
கார்த்திகை

அன்புள்ள மச்சான்,

நேற்றிரவு நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய படம், உன் தளத்தில் அம்மாவின் நினைவு மலர் இருக்கும் பக்கத்தின் படம், கிடைத்தது. "பக்கம் முழுக்கப் பழுதாப் போச்சு, வெறும் இங்கிலீசு எழுத்துக் குப்பைதான் தெரியுது, இந்த வருசம் காசு கட்டப் போறதில்லை, அழியட்டும்" என்று கீழே எழுதியிருந்தாய். பொறு. அழிக்காதே. அந்தப் படத்தை நான் முழுதாய் வாசித்தேன்.

வாசித்தேன் என்றுதான் சொல்கிறேன். மேலிருந்து இரண்டாவது வரியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து குறிகள் சேர்ந்து நிற்கின்றன பார். அதுதான் 'அம்மா'. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் எம்மை அடித்தால் 'அ', கேயை அடித்தால் 'ம', அரைப்புள்ளி குற்று (மேற்புள்ளி), எச் அரவு (துணைக்கால்). 2003 மாசியில் உன் அம்மாவின் முப்பத்தோராம் நாள் கல்வெட்டுக்காக, நினைவு மலரை நாங்கள் அப்படித்தானே சொல்வோம், என் கடைக்குள் இரண்டு இரவு இருந்து நான் அடித்த சொல் அது. பாமினியில் அடித்துப் பழகியவனுக்குக் கண் இங்கிலீசைப் பார்த்தாலும் விரல் தமிழைச் சொல்லிக்கொடுக்கும். கதிரையில் இருந்து மேசையில் விரலைத் தட்டித் தட்டி வரி வரியாய்ப் போனேன். நாலாவது பந்தியில் டொலர் குறி, ஓ, அரைப்புள்ளி வந்தது. 'கூழ்'. அக்கா எழுதிய அந்தப் பந்திதான், அம்மா ஒடியல் கூழ் காய்ச்சும் பக்குவம். அதுக்குமேல் கொஞ்ச நேரம் வாசிக்க முடியவில்லை.

ஆகவே அம்மாவின் மலர் அழியவில்லை. ஒரு எழுத்தும் குறையாமல் அங்கேயே இருக்கிறது. எந்த உருவில் காட்டவேண்டும் என்பதுதான் உலாவிக்குத் தெரியவில்லை.

"போன வருசம் வரைக்கும் பழைய லப்ரொப்பில் வடிவாத் தெரிஞ்சதே, இப்ப என்ன நடந்தது?" என்று கேட்டாய். அந்த லப்ரொப்பில் நீ பாவித்தது இன்ரநெற் எக்ஸ்புளோரர் என்ற பழைய உலாவி. அந்தக் காலத்தில் எங்கட ஆட்கள் பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்ப ஒரு வழி வைத்திருந்தார்கள். ஈ.ஓ.டி. என்ற வகைக் கோப்பு, பார்ப்பவர் கணினியில் பாமினி இல்லாவிட்டாலும் தமிழ் தெரியும். ஆனால் அந்தக் கோப்பை விளங்கிக்கொண்டது எக்ஸ்புளோரர் மட்டும்தான். குரோமோ பயர்பொக்ஸோ அதை ஒருநாளும் எடுக்கவில்லை. எக்ஸ்புளோரர் 11க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2022 யூன் 15 அன்று நிறுத்தியது. நீ புதுக் கணினி வாங்கினாய், அதில் குரோம் இருக்கிறது, எழுத்துரு வந்து சேரவில்லை, அடித்த விசைகள் அப்படியே வெளியே தெரிகின்றன.

இப்போது நீ செய்யவேண்டியது கொஞ்சம்தான். முதலில் அந்தப் பக்கத்தை அப்படியே சேமித்து எனக்கு அனுப்பு. குரோமில் கொன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால் சேமிக்கும். வேர்டில் ஒட்டித் திருத்த வெளிக்கிடாதே. பிறகு பாமினி எழுத்துருக் கோப்பை நான் அனுப்புகிறேன், அதன்மேல் வலது பொத்தானை அழுத்தி நிறுவு என்பதைக் கொடு. உலாவியை மூடித் திற. பக்கத்தில் எழுத்துருவின் பெயர் பாமினி என்றே எழுதியிருக்கிறது, நான்தான் எழுதினேன், ஆகவே தமிழ் வரும். உன் கணினியில் மட்டும்தான் வரும். பிள்ளைகளின் போனில் வராது, பேரப்பிள்ளைகள் பார்க்கப்போவது போனில்தான். அதனால் இதை யுனிகோடுக்கு, அதாவது எந்தக் கணினிக்கும் போனுக்கும் விளங்கும் பொதுக் குறிமுறைக்கு, மாற்றியே ஆகவேண்டும், அதை நான் பொறுப்பெடுக்கிறேன்.

மாற்றிக்கொடுக்கும் செயலிகள் இருக்கின்றன, நொடியில் மாற்றும். ஆனால் மாற்றினதும் வேலை முடிந்தது என்று விடுகிற ஆட்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அந்தச் செயலி எது தமிழ், எது இங்கிலீசு என்று பார்க்காது. நேற்று உன் படத்தில் இருந்த ஒரு வரியைப் பரீட்சித்துப் பார்த்தேன். உன் விலாசத்தில் இங்கிலீசில் இருந்த ரொறன்ரோ 'வுழசழவெழ' என்று வந்து நின்றது. இணைய முகவரியில் வரும் மூன்று டபிள்யூவும் 'றறற' ஆகிவிடும். இதுகளை மனிதன் ஒருவன் இருந்து பார்க்கவேண்டும், அதுவும் அந்தக் குடும்பத்தின் பெயர்களைத் தெரிந்தவன்.

இன்னொன்றும் உனக்குச் சொல்லவேண்டும், உனக்கு இது பிடிக்கும். பள்ளிக்கூடம் விட்டபின் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தேனே, அப்போது 'கொ' கோப்பதென்றால் முதலில் கொம்பை எடுப்பேன், பிறகு க, பிறகு அரவு. கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கு. பாமினியும் அதே ஒழுங்குதான், அதனால்தான் ஈயத்தில் இருந்து கீபோர்ட்டுக்கு வந்தபோது எங்களுக்குக் கை தடுமாறவில்லை. யுனிகோட் வேறுமாதிரி. அது வாயால் சொல்லும் ஒழுங்கில் வைக்கும், முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. கொம்பை முன்னுக்குத் தூக்கி வைப்பது கணினியின் வேலை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கடைக்கு வந்து "தமிழ் தெரியுது, ஆனா கொம்பெல்லாம் பின்னுக்கு நிக்குது" என்று முறையிட்ட ஆட்கள் எத்தனை பேர். எக்ஸ்பியில் சிக்கலான எழுத்துகளுக்கான ஒரு பெட்டிக்குச் சரி போட்டு, சீடியைப் போட்டு ஏற்றவேண்டும். போட்டதும் கொம்புகள் தங்கள் இடத்துக்குப் போய் நிற்கும். இன்றைய உலாவிகளில் அந்தச் சோலி இல்லை. வெறும் பெட்டி பெட்டியாய்த் தெரிந்தால் கணினியில் தமிழ் எழுத்துருவே இல்லை என்று அர்த்தம். கூகிளின் நோட்டோ எழுத்துருவைப் போட்டால் போதும். அந்தப் பெட்டிகளைத் 'தோபு' என்பார்களாம், தோபு இல்லை, இங்கிலீசில் 'நோ தோபு', என்பதில் இருந்துதான் நோட்டோ என்ற பெயரே வந்தது.

இனி நீ இரண்டாவதாய் அனுப்பிய படம், எங்கட சனசமூக நிலையப் பக்கம். அதையும் முதலாவதையும் ஒரே நோய் என்று நினைத்துவிட்டாய். இல்லை. வடிவாய்ப் பார், இதில் தலையில் சாய்கோடு போட்ட இங்கிலீசு 'ஏ', வட்டத்துக்குள் இங்கிலீசு 'ஆர்', இந்த இரண்டும் திரும்பத் திரும்ப வருகின்றன. அதைக் கண்டாலே இது யுனிகோட் தமிழ், உலாவி அதைப் பழைய மேற்கத்தைய அட்டவணையில் வாசிக்கிறது என்று சொல்லிவிடலாம். யுனிகோடைச் சேமிக்கும் யுடிஎப்-8 என்ற முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு. 'அம்மா' ஐந்து குறி, 15 பைட்டு. எல்லாத் தமிழ்க் குறிக்கும் முதல் பைட்டு ஒன்றேதான், அதுதான் அந்தச் சாய்கோட்டு ஏ. மூன்று மூன்றாய்ச் சேர்த்து வாசிக்கவேண்டியதை உலாவி ஒன்றொன்றாய் வாசித்ததால் இந்தக் கோலம். இந்த முறையை 1992 செப்டெம்பரில் கென் தொம்சன், றொப் பைக் என்ற இரண்டு கணினி விஞ்ஞானிகள் நியூ ஜேர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், கோப்பையின் கீழ் விரிக்கும் தாளில் எழுதி அமைத்தார்களாம். இண்டைக்கு நீயும் நானும் தமிழில் கதைப்பது அந்தத் தாளின் புண்ணியத்தில்.

பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்தேன். யுடிஎப்-8 என்று தலைப்பகுதியில் முதல் 1024 பைட்டுக்குள் சொல்லவேண்டும், அது சரியாகவே இருக்கிறது. அப்படியென்றால் பிழை எங்கே? எப்12ஐ அழுத்தி நெட்வேர்க் என்ற பகுதியில் சேர்வர் அனுப்பும் தலைக்குறிப்பைப் பார்த்தேன். அதில் ஐஎஸ்ஓ-8859-1 என்று இருக்கிறது, அதுதான் அந்தப் பழைய மேற்கத்தைய அட்டவணை. பக்கம் ஒன்று சொல்லி சேர்வர் வேறொன்று சொன்னால் உலாவி சேர்வரைத்தான் நம்பும். போன மாதம் மலிவான இடத்துக்குத் தளத்தை மாற்றினாய் அல்லவா, அன்றைக்கு வந்த வினை இது. அவர்களுக்கு எழுதி யுடிஎப்-8 என்று மாற்றச் சொல். ஒரு வரி வேலை.

பயப்படவேண்டிய இடம் வேறு. தமிழ் இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகளாய் நின்றால், அதையும் யாரோ அப்படியே சேமித்துவிட்டால், அது போனதுதான். கணினி ஒவ்வொரு எழுத்தையும் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் கேள்விக்குறியை வைத்திருக்கும். பழைய பிரதி இருந்தால் ஒழிய மீளாது. 1981இல் எங்கட யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்கள் போயின, நீயும் நானும் பள்ளிக்கூடப் பெடியள், அடுத்த நாள் போய் நின்று பார்த்தோம். போனது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். உன் அம்மாவின் மலர் அந்தக் கணக்கில் இல்லை மச்சான். அதனால்தான் நீ 'அழியட்டும்' என்று எழுதினதை என்னால் தாங்க முடியவில்லை.

இனி ஏதாவது பக்கம் குழம்பித் தெரிந்தால் உடனே குழம்பாதே. முதலில் அதே பக்கத்தை போனில், வீட்டு வைபையை நிறுத்திவிட்டு டேட்டாவில் திறந்து பார். அங்கேயும் பிழை என்றால் பிழை பக்கத்தில், உன் கணினியில் ஒன்றும் செய்யத் தேவையில்லை. போனில் சரி என்றால் உன் கணினியிலோ வீட்டு இணைப்பிலோதான் ஏதோ. கொன்ட்ரோல், ஷிப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்து. உலாவி சேர்த்து வைத்த பழைய பிரதியை விட்டுப் புதிதாய் எடுக்கும். பாதிக்கு மேல் இதிலேயே தீரும். தீராவிட்டால் தனிச் சாளரத்தில் திற, குரோமில் கொன்ட்ரோல், ஷிப்ட், என். அங்கே சரியாய்த் தெரிந்தால் நீ சேர்த்திருக்கும் விளம்பரத் தடுப்பான் போன்ற ஒன்று குறுக்கே நிற்கலாம். எழுத்து திடீரென்று பெரிதாகவோ சிறிதாகவோ போனால் கொன்ட்ரோலும் பூச்சியமும். அக்காவுக்கு இது அடிக்கடி நடக்கும் என்று நினைக்கிறேன், அவவுக்கும் சொல்லிவிடு.

2022இல் பங்குனிக் கடைசியில் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் என் கடைக் கணினியில் ஒரு பக்கமும் திறக்கவில்லை. பாதுகாப்பில்லை, பாதுகாப்பில்லை என்று ஒரே எச்சரிக்கை. இரண்டு நாள் இணைப்பைத்தான் சந்தேகப்பட்டேன். மூன்றாம் நாள் மூலையில் இருந்த திகதியைக் கண்டேன், 2010 சனவரி 1. கணினிக்குள் மணிக்கூட்டை ஓட்டும் பொத்தான் பட்டரி இறந்திருந்தது. கரண்ட் இருந்தால் அது செலவாகாது, இல்லாத நேரமெல்லாம் அதைத்தான் உறிஞ்சும். தளங்களின் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு, 2010இல் நிற்கும் கணினிக்கு அதெல்லாம் இன்னும் பிறக்காத சான்றிதழ். கஸ்தூரியார் வீதியில் 2032 இலக்கப் பட்டரி ஒன்று வாங்கிப் போட்டேன், தீர்ந்தது. அன்றிலிருந்து யார் வந்து பக்கம் திறக்கேல்லை என்றாலும் முதலில் திகதியைத்தான் பார்ப்பேன்.

எங்கள் வீட்டில் எல்லோரும் சுகம். என் முழங்கால் மாரியில் கொஞ்சம் கரைச்சல் தரும், நடக்கிறேன். மகள் வவுனியாவில் படிப்பிக்கிறாள், சனிக்கிழமைகளில் வருவாள். பின்வளவுக் கறுத்தக்கொழும்பான் மா இந்தமுறை நன்றாய்க் காய்த்தது. நீ இருந்திருந்தால் கிணற்றடியில் இருந்து தின்றிருப்போம். கடையில் இப்போது கல்வெட்டு வேலை குறைவு. வருகிற பிள்ளைகள் போனிலேயே எல்லாம் அடித்துக் கொண்டுவருகிறார்கள். பிழையோ சரியோ, யுனிகோடில் அடிக்கிறார்கள், அது எனக்குச் சந்தோசம். இருபது வருடம் கழித்து அவர்கள் ஒருவருக்கும் இப்படிக் கடிதம் எழுதவேண்டி வராது.

மலரை மாற்றி முடித்ததும் ஒரு பிரதியை 'நூலகம்' என்ற இணைய நூலகத் தளத்துக்கும் கொடுப்போமா? 2005இல் தொடங்கினது, எங்கட பக்கத்து நினைவு மலர்கள் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அக்காவிடமும் தம்பியிடமும் கேட்டுச் சொல். உன் தளத்துக்கு இந்த வருடமும் காசு கட்டு. இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

ஒன்று மட்டும் அக்காவிடம் கேட்டு எழுது. கூழ்ப் பந்தியில் பழப்புளி எவ்வளவு என்று வரும் இடத்தில் நான் அப்போது ஒரு விசையைத் தவறாய் அடித்திருக்கிறேன், எப்படி வாசித்தாலும் பொருள் வரவில்லை. அச்சிட்ட புத்தகத்திலும் அதே பிழை போயிருக்கும். 22 வருடமாய் யாரும் சொல்லவில்லை. தேசிக்காயளவா, இல்லை அதிலும் குறைவா? அவ சொல்வதைப் போட்டுத் திருத்துகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்