நண்டலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம்: எல்லையோர வணிகர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்காலை ஒட்டிய கடைவீதிகளின் வணிகர் சங்கத் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பொறையார்ப் பக்கம் பாத்திரக் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். சந்தா பாக்கி இல்லாத உறுப்பினன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பேச்சு அங்கே திரும்பிவிடும்.

போன தை மாதம் திருநள்ளாற்றுக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் முழுவதையும் என் கடையில் எடுத்தார். பித்தளை அண்டா, தவலை, ஜோடிக் குத்துவிளக்கு, எவர்சில்வர் சாமான் இரண்டு மூட்டை. பில் 72,000 ரூபாய். குட்டி யானையில் ஏற்றிக் கயிறும் கட்டியாகிவிட்டது. டிரைவர் பையன்தான் கேட்டான்: "ஈ-வே பில் எங்கண்ணே?" குறிப்பிட்ட தொகைக்கு மேல் சரக்கு போனால் வண்டியோடு இருக்க வேண்டிய ஜி.எஸ்.டி. ஆன்லைன் சீட்டு அது.

"ஒரு லட்சத்துக்குள்ளதானேடா?"

"அது நம்ம பக்கம். பாலத்தைத் தாண்டினா ஐம்பதாயிரம்."

ஆடிட்டர் ஆபீசுக்குப் போன் போட்டேன். அங்கிருந்த பெண் தட்டிப் பார்த்துவிட்டு, "எடுக்க மாட்டேங்குது சார். நீங்க காம்போசிஷன்ல இருக்கீங்க. புதுச்சேரிக்கு விக்கக் கூடாது" என்றார். புதுச்சேரிக்கு யார் விற்றார்கள், நான் திருநள்ளாற்றுக்கு அல்லவா அனுப்புகிறேன் என்று வாதாடினேன். வண்டி வாசலில் நிற்க, சொல்லிச் சொல்லித்தான் உறைத்தது: காரைக்காலும் திருநள்ளாறும் புதுச்சேரியைச் சேர்ந்தவை, நமக்கு வெளிமாநிலக் கணக்கு. கயிற்றை அவிழ்த்தோம். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து, காரைக்கால் கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அந்த மனிதர் முகத்தை இன்னும் மறக்கவில்லை.

தப்பு என்னுடையதுதான். காம்போசிஷன் திட்டத்தின் சட்டதிட்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் நம்மைப் போன்ற கடைகள் விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும். வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கக் கூடாது. கொள்முதலில் கட்டிய வரியைக் கழிக்க முடியாது. வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. கடைசி விதியும் மனப்பாடம்தான். ஆனால் வெளிமாநிலம் என்றால் எனக்குப் பெங்களூரு, திருப்பதி. என் மாமியார் வீடே காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரியில். தீபாவளிக்கு வெளிமாநிலம் போய் வந்தேன் என்று யாராவது சொல்வோமா?

பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் காரைக்காலை விட்டுப் போனார்கள். அவர்கள் காலத்துக் கோடு மட்டும் ஜி.எஸ்.டி.யில் அப்படியே இருக்கிறது. முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஓசூருக்கு அனுப்பினால் உள்ளூர் விற்பனை, மாநில வரியும் மத்திய வரியும் பாதிப் பாதி. கூப்பிடு தூரத்துத் திருநள்ளாற்றுக்கு அனுப்பினால் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஐ.ஜி.எஸ்.டி. முன்பு வணிகவரிச் சோதனைச் சாவடிகளாவது நினைவுபடுத்தின. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு அவையும் போயின. இப்போது பாலத்தில் வண்டியை நிறுத்தித் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கும் போலீசார் தேடுவது வேறு சரக்கு.

அன்று இரவு பழைய பில் புத்தகங்களை எல்லாம் புரட்டினேன். காரைக்கால் பக்கம் முகவரி எழுதி, நானே வண்டி வைத்து இறக்கிய பில் பதினொன்று. எல்லாம் ஐம்பதாயிரத்துக்குக் கீழே இருந்ததால் ஈ-வே பில் பேச்சே எழவில்லை. ஆடிட்டரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்து, அப்போதைய 12 சதவீதப்படி வித்தியாச வரியை வட்டியோடு கட்டினேன். காம்போசிஷனை விட்டும் வெளியே வந்துவிட்டேன். பாத்திரத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான் என்பதால் விலை பெரிதாக ஏறவில்லை. கணக்கு வேலைதான் இரண்டு மடங்கு.

பதிவே செய்யாத கடைக்காரர்கள் நிலை இன்னும் மோசம். ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம் என்பது சரக்கை மாநிலத்துக்குள் மட்டும் விற்பவருக்கு. எல்லை தாண்டி அனுப்பினால் முதல் பில்லிலிருந்தே பதிவு வேண்டும். கைவினைஞர்களுக்குச் சில விலக்கு உண்டு, நமக்குக் கிடையாது. பாலத்துக்கு அந்தப் பக்கக் கடைக்காரருக்கோ வரம்பே 20 லட்சம்தான். நம்மைப் பார்த்து 40 என்று நினைத்துக்கொண்டிருக்கும் காரைக்கால் சொந்தக்காரர்கள் எனக்கே இரண்டு பேர்.

பக்கத்து மளிகைக் கடைக்காரர் விஷயம் வேறு மாதிரி. அரிசிதான் அவருக்குப் பெரிய வியாபாரம். 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 2022 ஜூலையிலிருந்து 5 சதவீத வரி. 26 கிலோ மூட்டை ஏன் வந்தது என்று கேட்டால் எந்த அரிசிக் கடையிலும் சிரிப்பார்கள். இவர் விற்பதெல்லாம் அந்த மூட்டைதான். "அரிசி முப்பது லட்சம், அதுக்கு வரியே கிடையாது. சோப்பு, பிஸ்கட்டு பதினாலு லட்சம்தான். நான் எதுக்குப் பதியணும்?" என்கிறார். அரிசி மட்டுமே விற்றால் அவர் சொல்வது சரி. ஆனால் ஒரே ஒரு வரியுள்ள சாமான் கடைக்குள் வந்துவிட்டால், வரம்பைப் பார்க்கும்போது வரியில்லாத அரிசியையும் சேர்த்துத்தான் கூட்டுவார்கள். வரி கட்டுவது பதினாலுக்குத்தான், பதிவு நாற்பத்து நாலைப் பார்த்து. நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார். சங்கம் சொன்னால் நம்புவார்.

அதனால்தான் இந்தக் கடிதம். மே 5 வணிகர் தினத்துக்கு ஷட்டரை இறக்கிவிட்டு மாநாட்டுக்குப் பஸ் பிடிக்கிறோம், வரியைக் குறை என்று தீர்மானம் போடுகிறோம். போடுங்கள், நானும் கை தூக்குகிறேன். இருக்கிற வரியை நம் ஊர்க் கணக்கில் வைத்துப் புரியவைக்க சங்கக் கட்டிட மாடியில் ஒரு கரும்பலகை வைத்தோமா? இதை அதிகாரியோ ஆடிட்டரோ சொல்லித்தரட்டும் என்று விடாதீர்கள். நண்டலாறு, வாஞ்சூர் எல்லைகள் நமக்குத்தான் தினசரி வழி.

இன்னொன்று. உறுப்பினர்களின் ஜி.எஸ்.டி. பதிவில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். பாதிப் பேருக்கு ஆடிட்டருடையது இருக்கும். நோட்டீஸ் வந்தாலும் அவருக்குத்தான் போகும், அதுவும் இங்கிலீஷில். 1956-லேயே தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் போட்ட மாநிலத்தில் நோட்டீஸைத் தமிழில் கேட்டு ஒரு மனு கொடுக்கக்கூட இத்தனை வருஷத்தில் நமக்குத் தோன்றவில்லை.

அடுத்த மாதம் ஏதாவது ஒரு ஞாயிறு சாயங்காலம் வையுங்கள். டீ, பன் செலவு என்னுடையது. அந்தப் பதினோரு பில்லையும் எடுத்து வருகிறேன், அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். மளிகைக் கடைக்காரரையும் கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
பொறையார்ப் பக்கத்துப் பாத்திரக் கடைக்காரன்