ஒன்றரை லிட்டரா, மூன்றரை லிட்டரா

அன்பு மகளுக்கு,

"சின்னக் குடும்பத்துக்கு எந்த ஸ்லோ குக்கர்ப்பா வாங்கலாம்?" என்று ஒரு வரி அனுப்பியிருந்தாய். மூன்று வாரத்துக்கு அப்புறம் வந்த வரி. அம்மா அதை நாலு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

ஸ்லோ குக்கர் என்பது மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கிற மின்சாரப் பாத்திரம், அதனால் முதலில் அளவு. ஒரு ஆளுக்கு 1.5 லிட்டர் போதும். இரண்டு பேர் என்றால் 3 முதல் 3.5 லிட்டர். 6 லிட்டர் எல்லாம் நாலைந்து பேர் சாப்பிடுகிற வீட்டுக்கு. எதற்கும் பெரிதாகவே வாங்கி வைப்போம் என்று நினைக்காதே. இதில் சூடு அடியிலிருந்து மட்டும் வருவதில்லை, பெரும்பாலும் சுற்றுச்சுவரில் ஓடுகிற கம்பியிலிருந்து வருகிறது. பாத்திரம் பாதிக்குக் கீழே இருந்தால் ஓரமெல்லாம் காய்ந்து பிடித்துக்கொள்ளும், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே குழைந்துபோகும். முக்காலுக்கு மேல் நிரப்பினால் நடுவில் சூடு ஏற நேரமாகும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிடக்கிற நேரம்தான் கிருமி பெருகுகிற நேரம். ஆகவே பாதியிலிருந்து முக்கால். பெட்டியில் போட்டிருக்கிற லிட்டர் விளிம்புவரை பிடிக்கிற கணக்கு. 3.5 என்றால் நீ சமைக்கப்போவது ஒன்றேமுக்காலிலிருந்து இரண்டரை லிட்டர்வரைதான்.

எத்தனை பேர் என்று நீ எழுதவில்லை.

உள்பாத்திரம் தனியாகக் கழன்று வருகிறதா பார். கழலாததை வாங்கினால் கழுவுவது பெரும்பாடு, அடிப்பகுதியில் மின்சாரம் இருப்பதால் தண்ணீரில் முக்கவும் முடியாது. பீங்கான் பாத்திரத்தைக் கையில் தூக்கி விரல் முட்டியால் தட்டு. கணீர் என்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்டால் எங்கோ கீறல் விட்டிருக்கிறது, வைத்துவிடு. மூடி கண்ணாடியாக இருக்கட்டும், திறக்காமலே உள்ளே பார்க்கலாம். மூடியைத் திறக்காதே. ஒரு தரம் திறந்தால் போன சூடு திரும்பிவர 20, 30 நிமிடம் ஆகும்.

திருகு வைத்ததா, டிஜிட்டலா? நீ இராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறாய் என்று எனக்குத் தெரியாது. நேரம் தவறி வருகிறவர்களுக்கு, நேரம் முடிந்ததும் தானாக 'வார்ம்'-க்கு மாறுகிறதுதான் சரி. வார்ம் என்பது 60 டிகிரிக்கு மேல் வைத்திருப்பதற்கு மட்டும், அதில் சமையலைத் தொடங்கக் கூடாது. டிஜிட்டலில் ஒரு குறை, கரண்ட் போய் வந்தால் பலதும் அணைந்தபடியே நிற்கும். திருகு உள்ளது தானாகவே மறுபடி சுடும். அதனால் அது நல்லது என்று ஆகாது, எவ்வளவு நேரம் ஆறிக் கிடந்தது என்று உனக்குத் தெரியாதல்லவா? நீ வீட்டில் இல்லாதபோது கரண்ட் போயிருந்தால் கொட்டிவிடு. வெந்த மாதிரி தெரிந்தாலும் கொட்டு. தனியாக இருக்கிறபோது வயிறு கெட்டால் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் இருக்காது. பொதுவாகச் சொன்னேன்.

இதில் உள்ள லோ, ஹை என்ற இரண்டு சூட்டு நிலைகளும் கடைசியில் கிட்டத்தட்ட ஒரே சூட்டுக்குத்தான் போகும், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. போய்ச் சேருகிற வேகம்தான் வேறு. ஹையில் 4 மணி நேரம் ஆவது லோவில் 8 மணி நேரம் ஆகும். வாங்கி வந்ததும் பாதி தண்ணீர் ஊற்றி, லோவில் 8 மணி நேரம் விட்டு, மூடியை எடுத்த கையோடு தெர்மாமீட்டரை விடு. 85-இலிருந்து 93 டிகிரிக்குள் இருந்தால் வைத்துக்கொள். 85-க்குக் கீழே காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடு. ஏழாவது படிக்கும்போதே ப்ளக்கைக் கழற்றி ஒயர் மாட்டினவள் நீ, இதெல்லாம் உனக்குப் பெரிதில்லை. போனை எடுக்கத்தான் நேரமில்லை.

கிழங்கு, கேரட் அடியில், கறி மேலே. கிழங்குதான் மெதுவாக வேகும். ஆவி வெளியே போகாததால் வழக்கத்தைவிட மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் குறை. பால், கிரீம் கடைசி அரைமணியில், முன்னாலேயே ஊற்றினால் திரிந்துவிடும். உறைந்த கறியை அப்படியே போடாதே. ஃபிரிட்ஜில் இருந்த பாத்திரத்தைச் சூடான அடிப்பகுதியில் வைக்காதே, வெடித்துவிடும். மிச்சத்தை அடுப்பில்தான் சூடாக்க வேண்டும், இதில் கூடாது.

ராஜ்மா விஷயத்தில் மட்டும் அப்பா சொல்வதைக் கேள். இந்தப் பாத்திரத்துக்கு 1940-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய இர்விங் நாக்ஸன் இதை பீன்ஸ் வேகவைக்கத்தான் விற்றார். அவருடைய அம்மா இராமுழுக்க அடுப்பில் வேகிற ஒரு பீன்ஸ் சமையலைப் பற்றிச் சொன்னதுதான் தூண்டுதலாம். ஆனால் சிவப்பு ராஜ்மாவில் ஒரு நஞ்சு இருக்கிறது. 80 டிகிரியில் வெறுமனே கிடந்தால் அது பச்சையில் இருப்பதைவிடக் கூடக்கூடும். 5 மணி நேரமாவது ஊறவை, அந்தத் தண்ணீரைக் கொட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் தளதளவென்று குறைந்தது 10 நிமிடம், 30 என்றால் இன்னும் நிம்மதி, கொதிக்கவிட்டு அப்புறம் இதில் போடு. தக்காளியைக் கடைசியில் சேர், புளிப்பு பட்டால் ராஜ்மா மெத்தென்று வேகாது.

போன தடவை நீ என்னவோ சொல்ல வந்தாய். "எல்லா வீட்டிலும் உள்ளதுதான், அனுசரிச்சுப் போம்மா" என்று பாதியிலேயே வெட்டிவிட்டேன். நீ "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். நான் கேட்டிருக்க வேண்டும். அது உன் தப்பில்லை, என் தப்பு. அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. நீ மறுபடி பேச நினைத்தால், எந்த நேரமானாலும் சரி, கடைசிவரை கேட்கிறேன்.

குக்கரை அப்பா வாங்கித் தருகிறேன். 1.5 என்றால் 1.5, 3.5 என்றால் 3.5. ஏன் என்று கேட்கமாட்டேன். மூடியைத் திறக்காதே, ராஜ்மாவைக் கொதிக்கவை. பதிலுக்கு அந்த எண்ணை மட்டும் எழுதினாலும் போதும்.

அப்பா