கொழும்பு மென்பொருள் அணித் தலைவர்களுக்கு: தமிழ்ப் பெயரைப் போட்டு டெஸ்ட் செய்யுங்கள்

அன்புள்ள அணித் தலைவர்களே,

வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். பன்னிரண்டு வருடமாக ஜாவாவில்தான் வேலை. உங்களிடம் கேட்பது ஒன்றுதான். டேட்டாபேஸோடு பேசும் கோடை, லைவில் ஓடும் அதே வகை டேட்டாபேஸில் வைத்து டெஸ்ட் செய்யுங்கள்.

முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் வாடிக்கையாளர் பதிவு மென்பொருள் ஒன்றைச் செய்தோம். லைவில் ஆரக்கிள் டேட்டாபேஸ், டெஸ்டுக்கு எச்2 என்ற சிறிய டேட்டாபேஸ். டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். முதல் வாரத்திலேயே, 'சிவசுப்பிரமணியம்' என்று தமிழில் எழுதிக் கொடுத்த ஒரு ஐயாவின் பதிவு ஏறாமல் விழுந்தது. லாக்கில் ஓஆர்ஏ-12899, அதாவது ஒதுக்கிய இடத்தைவிடத் தரவு பெரிது என்ற ஆரக்கிளின் பிழைச் செய்தி. கவுண்டரில் இருந்தவர், "பேரை இங்கிலீஷில எழுதித் தாங்கோ ஐயா" என்றாராம். அதைக் கேட்டபோது எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

பெயருக்கு டேட்டாபேஸில் நாங்கள் வைத்திருந்தது, எழுத்துகளைச் சேமிக்கும் வகையான வார்ச்சார்2(40). நாற்பது எழுத்து என்று நினைத்தோம். ஆரக்கிளில் வேறெதுவும் சொல்லாவிட்டால் அது 40 பைட். 'சி' நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு 'ச' ஒன்று, மேலே உள்ள கொக்கி இன்னொன்று. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இவை ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஐயாவின் பெயரில் அப்படி 16 இருக்கின்றன, 48 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் 15 பைட்டோடு முடியும். எச்2 பைட்டை எண்ணுவதே இல்லை. சிங்களப் பெயருக்கும் இதே கதிதான்.

40 சார் என்று, அதாவது பைட்டை விட்டுக் கணினியின் கணக்கில் எழுத்தை எண்ணும்படி, திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் எங்கள் டெஸ்ட் தரவில் இருந்த பெயர்கள் எல்லாமே ஆங்கிலத்தில். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியான நாட்டில் இது!

உண்மையான டேட்டாபேஸில் டெஸ்ட் செய்ய டெஸ்ட்கன்டெய்னர்ஸ் என்ற லைப்ரரி இருக்கிறது. மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் டொக்கரில் அந்த டேட்டாபேஸை ஏற்றித் தரும், வேலை முடிந்ததும் தானே இறக்கிவிடும். நேரம் எடுக்கும் என்பீர்கள். சரி, எடுக்கும். ஒரே கன்டெய்னரை ஒருமுறை ஏற்றி எல்லா டெஸ்டுக்கும் பாவியுங்கள்.

அப்புறம், டெஸ்ட் முடிவில் ரோல்பேக் ஆகும்போது, அதாவது செய்த மாற்றங்கள் திரும்பப் பெறப்படும்போது, ஜாவா ஒப்ஜெக்ட்டுகளை டேட்டாபேஸில் சேமிக்கும் ஹைபர்னேட் சில வேளை இன்சர்ட்டை (புதிய பதிவை எழுதும் கட்டளையை) அனுப்பாமலே முடித்துவிடும். சேவ் செய்த கையோடு ஃப்ளஷ் (காத்திருப்பதை டேட்டாபேஸுக்கு அனுப்புவது), கிளியர் (நினைவகத்தில் வைத்திருப்பதை விடுவது) இரண்டும் செய்து மீண்டும் வாசித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் கையில் வருவது நினைவகத்தில் கிடந்த அதே ஒப்ஜெக்ட்தான்.

இந்தக் கிழமையே உங்கள் டெஸ்ட் தரவில் தமிழில் ஒரு பெயர், சிங்களத்தில் ஒரு பெயர் சேருங்கள். நீளமான பெயராகப் பார்த்துச் சேருங்கள்.